சம்மனை வாங்க மறுத்தால் வழக்கு நின்றுவிடாது

சிவில் வழக்கில் சம்மனைக் கையெழுத்துப் போட்டு வாங்காவிட்டால் அது சார்வு ஆகாது, அதாவது முறைப்படி கொடுக்கப்பட்டதாகாது என்கிறார்கள். அப்படி இல்லைங்க. கையெழுத்திட மறுத்தால் நீதிமன்ற ஊழியர் நகலை வீட்டுக் கதவில் ஒட்டிவிடுவார். எந்தச் சூழலில் ஒட்டினார், வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டினார் என்பதையெல்லாம் சம்மனின் அசலில் அறிக்கையாக எழுதித் திருப்பி அனுப்புவார். அந்த அறிக்கையோடு ஊழியரின் பிரமாணப் பத்திரம் இல்லையென்றால் நீதிமன்றம் அவரை விசாரித்தாக வேண்டும். அப்புறம்தான் முறையாகச் சார்வு ஆனதா என்று முடிவு செய்யும். ஆகவே, ஒட்டியதும் வேலை முடிந்தது என்பதும் சரியல்ல. பதிவுத் தபால் 'வாங்க மறுத்தார்' என்ற குறிப்போடு திரும்பினாலும் சார்வு ஆனதாக நீதிமன்றம் அறிவிக்கும்.

இந்தியா கோட் அரசுத் தளத்தில் 1908ஆம் ஆண்டு உரிமையியல் (சிவில்) நடைமுறைச் சட்டத்தைத் திறந்து, கட்டளை 5-இல் விதிகள் 9, 17, 19 மூன்றையும் படித்துப் பாருங்கள். உங்கள் வழக்கு என்றால், வழக்கு ஆவணங்களில் உள்ள அந்த அறிக்கையை வழக்கறிஞர் மூலம் பார்வையிடலாம்.