வாங்கத் தயங்குகிறவர்களால் மூடப்படும் வங்கி

நேர வங்கி பற்றி யார் எழுதினாலும் முதலில் வந்து விழும் கேள்வி ஒன்றுதான்: "எல்லாரும் வேலையை வாங்கிக்கிட்டு, திருப்பிச் செய்யாம ஓடிட்டா?" நேர வங்கி நடத்துகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அவர்கள் புலம்புவது நேர்மாறான ஆட்களைப் பற்றி. நாற்பது மணி நேரம் ஓடியோடி உதவி செய்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் வேண்டாம்ப்பா, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று உட்கார்ந்திருப்பவர்கள். வங்கியை இழுத்து மூட வைப்பது இவர்கள்தான் என்பது என் கட்சி.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. நீங்கள் ஒரு மணி நேரம் ஒருவருக்கு உழைத்தால் உங்கள் கணக்கில் ஒரு மணி வரவு. அதை வைத்து அதே குழுவில் யாரிடமும் ஒரு மணி உழைப்பு வாங்கலாம். வக்கீலின் மணியும் துணி மடிக்கிறவரின் மணியும் ஒரே விலை. 1980இல் மாரடைப்பு வந்து படுத்திருந்த அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் எட்கர் கான் யோசித்தது என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். ஆனால் ஜப்பானின் ஒசாகாவில் தெருகோ மிசுஷிமா என்ற பெண்மணி 1973லேயே உழைப்பு வங்கி ஒன்றைத் தொடங்கிவிட்டார். அதில் பெரும்பாலும் குடும்பத் தலைவிகள். அந்தப் பெயர் ஏனோ அடிக்குறிப்போடு நின்றுபோகிறது.

இப்போது கணக்கு. வரவு எழுதும்போதே இன்னொருவர் கணக்கில் அதே அளவு பற்று எழுதுகிறோம். ஆகவே எந்த நாளில் கூட்டிப் பார்த்தாலும் மொத்தம் பூஜ்யம். இதன் அர்த்தத்தைப் பலர் யோசிப்பதில்லை: எல்லாரும் ஒரே நேரத்தில் பிளஸ்ஸில் இருக்கவே முடியாது. ஒருவர் +12 என்றால் மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து −12இல் இருந்தாக வேண்டும். கடன் என்றாலே நெஞ்சு கலங்கும் மரபு நம்முடையது. "நான் மைனஸ் போகமாட்டேன்" என்று குழுவில் எல்லாரும் மானம் பார்த்தால் ஒரு வேலையும் நடக்காது.

வாஷிங்டன் கேப்பிடல் ஹில் பகுதியில் இது அப்படியே நடந்தது. சுமார் 150 தம்பதிகள் மாறி மாறிக் குழந்தை பார்த்துக்கொள்ளும் கூட்டுறவு. அரை மணி குழந்தை பார்த்தால் ஒரு சீட்டு, குழந்தையை விட்டுவிட்டு வெளியே போகிறவர் அதைக் கொடுக்க வேண்டும். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று எல்லாரும் சீட்டைப் பதுக்க, வெளியே போகிறவர் குறைந்தார்கள். யாரும் வெளியே போகாததால் குழந்தை பார்த்துச் சீட்டு சம்பாதிக்கவும் வழியில்லை, அதனால் பதுக்கல் இன்னும் இறுகியது. உறுப்பினர்களில் வக்கீல்கள் நிறைய. ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது வெளியே போயாக வேண்டும் என்று விதி போட்டார்கள். பலிக்கவில்லை. கூடுதல் சீட்டு அச்சடித்துக் கொடுத்ததும் சரியானது. பிறகு சீட்டு அளவுக்கு மிஞ்சி, "என்னிடம்தான் நிறைய இருக்கே, நான் ஏன் குழந்தை பார்க்கணும்" என்ற எதிர்நோய் வந்தது. அதில் இருந்த ஸ்வீனி தம்பதி 1977இல் இதை ஒரு பொருளியல் ஆய்விதழில் எழுதினார்கள். பணவீக்கம், மந்தம் இரண்டையும் ஒரு தெருவுக்குள் பார்க்க இதைவிட நல்ல பாடம் இல்லை.

சீட்டு வேண்டாம், நோட்டுப் புத்தகமோ எக்செல் தாளோ போதும். தேதி, செய்தவர், பெற்றவர், வேலை, நேரம் என ஐந்து பத்தி. கால் மணிக்குக் குறைவாகப் பிரிக்காதீர்கள். போய்வரும் நேரம் சேருமா என்பதை முதல் கூட்டத்திலேயே தீர்மானியுங்கள். பாதி நேரம் சேரும் என்பது சண்டையில்லாத வழி. பொருள் செலவு எப்போதும் ரூபாயில்: குழாய்க்கு வாஷர் மாற்றினால் உழைப்பு மணிக்கணக்கில், வாஷர் விலை கையில்.

நாற்பது பேர் குழுவுக்கு என் பரிந்துரை: கீழ் எல்லை −15, மேல் எல்லை +25. 25ஐத் தாண்டிய மணி தானாகப் பொதுக்கணக்குக்குப் போகட்டும். பிரசவம், அறுவை சிகிச்சை என்று படுத்தவர்களுக்கு அதிலிருந்து கொடுக்கலாம். இது தவிர மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரிடமும் அரை மணி பிடித்தால் 20 மணி சேரும். யாராவது −12இல் ஊரை விட்டுப் போனால் அந்த ஓட்டையை இதிலிருந்து அடைக்கலாம். ஓடிப்போகிறவர்களைப் பற்றிய பயத்துக்கு இவ்வளவுதான் பதில். வட்டிக்காரன் கணக்கில் ஓட்டை விழுந்தால் பணம் போகும். இங்கே போவது நான்கைந்து மாலை வேளைகள்.

பொதுக்கணக்கிலேயே ஒருங்கிணைப்பாளருக்கும் மணி கொடுத்துவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். வாரம் 10 மணி வேலை என்றால் மூன்று மாதத்தில் 130 மணி. உங்களிடம் சேர்ந்தது 20. மீதி 110 மணியைக் காற்றிலிருந்து எழுத வேண்டும், அதுதான் கேப்பிடல் ஹில்லில் வந்த எதிர்நோய். அவருக்குப் பணமாகவே சம்பளம் வேண்டும், போன் பில்லும் வேண்டும். "பணமில்லாப் பொருளாதாரம்" என்று மேடையில் பேசுகிறவர்கள் விழுங்கிவிடும் வரி இது. நிதியுதவி நின்ற மாதமே பல நேர வங்கிகள் படுத்துவிடுவதற்கும் காரணம் இதுதான். லண்டன் லூயிஷத்தில் ரஷி கிரீன் நேர வங்கி ஒரு குடும்ப மருத்துவரின் மருத்துவமனைக்குள் தொடங்கியது. தனிமையால் வாடும் நோயாளியை மருத்துவரே அங்கே அனுப்பலாம். இருக்கிற ஒரு நிறுவனத்தின் கூரையில் ஒட்டிக்கொள்வது புத்திசாலித்தனம். நம் ஊரில் நூலகமோ குடியிருப்போர் சங்கமோ இடம் கொடுத்தால் பாதிப் பாரம் குறையும்.

பிளம்பர், எலக்ட்ரீஷியன் விஷயம் உண்மையிலேயே சிக்கலானது. எல்லாருக்கும் அவர்கள்தான் வேண்டும், அவர்களுக்கு வேண்டியதோ குழுவில் குறைவு. மணிக்கு இரண்டு மணி வரவு கொடுக்கலாம் என்று ஆரம்பித்தால், அடுத்து டியூஷன் டீச்சர் கேட்பார், கடைசியில் சந்தை விலைப் பட்டியல்தான் மிஞ்சும். அவர்கள் "மாதம் இரண்டு மணிதான்" என்று வரம்பு சொல்லட்டும். அதுவும் மெயின் போர்டு, கேஸ் இணைப்பு, ஊசி போடுவது போன்றவை பட்டியலிலேயே வேண்டாம். பிரிட்டிஷ் சமூகச் சீர்திருத்தவாதி ராபர்ட் ஓவன் 1832இல் லண்டனில், பொருளை உழைத்த மணிக்கணக்கில் மாற்றிக்கொள்ளும் சந்தை ஒன்றைத் திறந்து, மணிக்கு ஆறு பென்ஸ் கணக்கில் பொருளுக்கு விலை வைத்தார். கடையை விட மலிவாக விழுந்த சரக்கை வெளியாட்கள் அள்ளிப் போனார்கள், விலை அதிகமாக விழுந்தது தேங்கியது. 1834இல் மூடினார்கள். பொருளை மணியில் விற்காதீர்கள் என்பதற்கு இது ஒன்றே போதும்.

வகுப்பு எடுப்பதற்குத் தனி விதி தேவை. பத்துப் பேருக்கு ஒரு மணி யோகா என்றால் பத்து மணி பற்றா, ஒரு மணியா? பத்தும் பற்று எழுதி, ஆசிரியருக்கு ஒன்று, ஒன்பது பொதுக்கணக்குக்கு என்று வைத்தால் யோகா வகுப்பே எல்லார் மணியையும் உறிஞ்சிவிடும். ஆளுக்குக் கால் மணி பற்று, ஆசிரியருக்குத் தயாரிப்போடு சேர்த்து ஒன்றரை, மீதி ஒரு மணி பொதுவுக்கு. சரியாக வருகிறது.

"இப்போ சேமிங்க, வயசான காலத்துல எடுத்துக்கலாம்" என்கிற விளம்பரம்தான் எனக்குப் பிடிக்காதது. இருபது வருடம் கழித்து அந்தக் குழு இருக்குமா? சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் நகரம் 2014இல் இப்படி ஒன்றைத் தொடங்கியபோது, ஒருவர் 750 மணிக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று வரம்பு வைத்தது. திட்டம் நொடித்தால் நகராட்சி பொறுப்பு என்று உத்தரவாதமும் கொடுத்தது. அப்படி ஒருவர் பின்னால் நிற்காவிட்டால் இரண்டு வருடத்தில் காலாவதி என்று எழுதிவிடுங்கள். காலாவதித் தேதி பதுக்கலையும் கொஞ்சம் இளக்கும்.

வாங்கத் தயங்குகிற விஷயத்தில் பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்து (விருந்து வைத்து மொய்ப் பணம் வாங்கி, பிறகு மற்றவர்கள் விருந்தில் திருப்பிச் செய்வது) கெட்டிக்காரத்தனமானது. அங்கே வாங்குவதற்கென்றே ஒரு நாள், பந்தல், அழைப்பிதழ், கிடா விருந்து. நோட்டில் பெயர் எழுதும்போது வாங்குகிறவர் தலைகுனிவதில்லை. அவர் முறை வந்திருக்கிறது, அவ்வளவுதான். மொய்யால் வட்டிக்கு வாங்கித் திருப்பிச் செய்து திணறுகிறவர்களும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வாங்குவதைச் சடங்காக்கிய அந்த ஏற்பாடு நேர வங்கிகளிடம் இல்லை.

அதனால் சேர்க்கைப் படிவத்தில் "என்ன செய்யத் தெரியும்" என்பதைப் பின்பக்கம் தள்ளுங்கள். முன்பக்கம் மூன்று தேவைகள் எழுதினால்தான் சேர்க்கை. "என்ன வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டால் யாரும் எழுதமாட்டார்கள். போன மாதம் தள்ளிப்போட்ட வேலை எது, காசு கொடுத்துச் செய்தது எது என்று கேளுங்கள்: ஃபேன் துடைப்பது, பேங்க் படிவம், பையனுக்குக் கணக்கு, ஸ்கேனுக்குத் துணை. சேர்ந்த இரண்டு வாரத்துக்குள் அவர் ஒரு வேலையை வாங்கியிருக்க வேண்டும், கொடுப்பது பிறகு. தனியாக இருக்கும் முதியவர் வீட்டுக்கு முதல் தடவை இரண்டு பேராகப் போங்கள், வீட்டுச் சாவியையும் ஏடிஎம் பின்னையும் யாரும் தொடக் கூடாது.

அப்புறம் போன் செய்யும்போது "ஏதாவது உதவி வேணுமாம்மா?" என்று கேட்காதீர்கள், "வேண்டாம்" என்றுதான் வரும். "வியாழக்கிழமை காலையில நம்ம குழுவுல ஒருத்தர் ஆஸ்பத்திரிப் பக்கம் போறாரு, உங்க பிரஷர் மாத்திரையை வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா?" என்று கேளுங்கள்.