முதல் நாள் ரிசப்ஷன் யாருக்காக?

பெங்களூரில் இருக்கிற நம் குடும்பங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி ரிசப்ஷன் யாருக்காக வைக்கிறோம்?

அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம் பக்கம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் இதே கதைதான். மேடை முழுக்கப் பூ, லைட் மியூசிக், சாட் கவுன்டர். போட்டோ எடுக்க ஒரு மணி நேர வரிசை. கவரைக் கொடுத்ததும் நேராகச் சாப்பாட்டுக் கூடம், அப்புறம் வீடு. மறுநாள் காலை கெட்டிமேளம் கொட்டும்போது பாதி நாற்காலி காலி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இலைக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட 600 பேருக்குச் சாப்பாடு மட்டும் 2,40,000 ரூபாய். அதற்கு மேல் மேடை, பாட்டுக் கச்சேரி, பெண்ணுக்கு இன்னொரு உடை, இன்னொரு மேக்கப். எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கினார். இப்போது பேத்தி எல்.கே.ஜி. போகிறாள், கடன் இன்னும் அடையவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வண்டி எடுக்கிறார். அந்த ரிசப்ஷனுக்கு நானும் போயிருந்தேன். மேடை எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகமே இல்லை.

என் தங்கை கல்யாணத்தில் ரிசப்ஷனே வைக்கவில்லை. காலையில் முகூர்த்தம், மத்தியானம் சாப்பாடு, அவ்வளவுதான். "நாலு பேர் என்னடா சொல்லுவாங்க?" என்று அம்மா பயந்தார். குடியாத்தத்துப் பெரியம்மாவுக்கு அம்மாவையே போன் பண்ணச் சொன்னோம். "ரிசப்ஷன் வைக்கலக்கா, நீ முன்னாடியே வந்து கூட இருந்து நடத்திக் கொடு" என்றார். பெரியம்மா கோபித்துக்கொள்ளவில்லை. முதல் நாள் மத்தியானமே வந்து, தாம்பூலப் பையில் தேங்காய் போட உட்கார்ந்துவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டில் பேசுவதுதான் கஷ்டம். அதை நிச்சயதார்த்தத்துக்கு முன்பே பேசிவிட வேண்டும். செலவு ஆளுக்குப் பாதி, உங்கள் பக்கம் இத்தனை பேர், எங்கள் பக்கம் இத்தனை பேர் என்று ஒரு தாளில் எழுதி இரண்டு வீட்டிலும் வைத்துக்கொண்டோம். பெண் வீட்டார்தான் எல்லாம் செய்ய வேண்டும் என்கிற வழக்கம் இந்தத் தலைமுறையோடு போகட்டும். மாப்பிள்ளை வீட்டாரும் மனுஷர்கள்தான், நேராகக் கேட்டால் புரிந்துகொள்கிறார்கள்.

சௌல்ட்ரி, அதாவது கல்யாண மண்டபம் பார்க்கப் போகிறவர்கள் வாடகையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். கரண்டுக்கு யூனிட் கணக்கா, ஜெனரேட்டர் டீசல் யார் தலையில், கிளீனிங்குக்கு எவ்வளவு, சமையல்காரரையும் அலங்காரக்காரரையும் நாமே கூட்டிவரலாமா, எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும்? எல்லாவற்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள். "எங்கள் ஆட்களைத்தான் வைக்க வேண்டும்" என்று சொல்கிற இடத்தில் வாடகை குறைவாக இருந்தாலும் மொத்த பில் ஏறிவிடும். மண்டப வாடகைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. பதிவு செய்த அறக்கட்டளையின் கோயில் வளாகத்து மண்டபம், நாள் வாடகை 10,000 ரூபாய்க்குக் குறைவு என்றால் அந்த வரி கிடையாது. நூற்றைம்பது, இருநூறு பேர் கல்யாணத்துக்கு அந்த மாதிரி மண்டபம் தாராளம்.

பூவுக்கு கே.ஆர். மார்க்கெட்தான். விடியற்காலையில் போனால் மாலை கட்டுகிறவர்களிடம் தமிழிலேயே பேசி, கண்ணெதிரே கட்டி வாங்கி வரலாம். ஆனால் வரமகாலட்சுமி விரதம், விநாயகர் சதுர்த்தி வரும் வாரத்தில் முகூர்த்தம் வைக்காதீர்கள். கனகாம்பரமும் மல்லிகையும் அந்த நாட்களில் தொட முடியாத விலைக்குப் போய்விடும்.

நகையில் ஹால்மார்க்கோடு ஹெச்.யு.ஐ.டி. முத்திரை, அதாவது எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி, இருக்கிறதா என்று பாருங்கள், 2023 ஏப்ரலிலிருந்து கட்டாயம். செய்கூலி, சேதாரம் இரண்டையும் பில்லில் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். தாலி நல்ல தங்கத்தில் இருக்கட்டும், மற்ற நகையை வசதி வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

சாப்பாட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. இருபது ஐட்டம் வைத்துப் பாதி இலையோடு குப்பைக்குப் போவதைவிட, நெய் ஊற்றிய ஒப்பட்டு (நம்ம போளிதான்), சூடான சாம்பார், வடை, பாயசம், நல்ல ரசம் போதும். வந்தவர்களுக்கு நம் வீட்டு ஆட்களே பரிமாற வேண்டும். எங்கள் பந்தியில் சித்தப்பா வாளியோடு நின்று "இன்னும் கொஞ்சம்" என்று ரசம் ஊற்றினார். மாப்பிள்ளையின் தாத்தா இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வாழ்க்கையில் ஒரு தடவைதானே, மனசு நிறையச் செய்யட்டுமே என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆசை எனக்கும் புரியும். ஆனால் கல்யாணம் முடிந்த கையோடு இந்த ஊரில் வாடகைக்கு வீடு பிடிக்கிறவர்களுக்கு வீட்டுக்காரர் கேட்கிற அட்வான்ஸ் தெரியும்தானே? ஒரு காலத்தில் பத்து மாத வாடகை, இப்போதும் பல இடங்களில் ஐந்தாறு மாத வாடகைக்குக் குறையாது. ரிசப்ஷனுக்கு என்று எடுத்துவைத்திருந்த பணத்தை இரண்டு வீட்டாரும் தங்கை கையிலும் மாப்பிள்ளை கையிலும் கொடுத்தோம். கே.ஆர்.புரத்தில் ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டி, பாத்திரம் பண்டம் வாங்கி, யாரிடமும் கடன் சொல்லாமல் குடித்தனம் ஆரம்பித்தார்கள்.