இறைநம்பிக்கையாளர்கள் காப்பாற்றித் தந்த கவிதைகள்

இஸ்லாமியப் பண்பாட்டைப் பற்றிப் படிக்க எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்கும் நண்பர்களிடம் நான் வரலாற்று நூல் எதையும் சொல்வதில்லை. அரபுக் கவிதையைப் படியுங்கள் என்பேன். ஆயிரத்தொரு இரவுகள்தான் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பழைய அரபு அறிஞர்கள் அந்தக் கதைகளைப் பெரிய இலக்கியமாக மதித்ததே இல்லை. அவர்களுக்கு இலக்கியம் என்றால் முதலில் கவிதைதான்.

அந்தக் கவிதையில் கணிசமான பங்கு இஸ்லாத்துக்கு முந்தையது. 'அறியாமைக் காலம்' என்று முஸ்லிம்களே பெயர் வைத்த காலத்தின் பாட்டுகள். ஆறாம் நூற்றாண்டின் இம்ரவுல் கைஸ், காதலி கூடாரம் போட்டிருந்த இடத்தின் தடயங்களைப் பார்த்து, 'நில்லுங்கள், அழுவோம்' என்று தோழர்களிடம் சொல்லித் தொடங்குகிறான். அப்புறம் தான் கூடிய பெண்களைப் பற்றிக் கூச்சமே இல்லாமல் பெருமை பேசுகிறான். இதையெல்லாம் தேடித் தொகுத்தவர்கள் யார்? இராக்கின் பஸ்ரா, கூஃபா நகரங்களில் இருந்த முஸ்லிம் அறிஞர்கள். பஸ்ராவின் அஸ்மயீ பாலைவன நாடோடிகளிடம் கேட்டுக் கேட்டுச் சேகரித்தார். குர்ஆனில் வரும் ஓர் அரிய சொல்லுக்குப் பொருள் காணப் பழைய கவிதைதான் சாட்சி. பெரிய குர்ஆன் விரிவுரையாளரான தபரி (இறப்பு 923) அந்த வரிகளைத் தயங்காமல் மேற்கோள் காட்டுகிறார்.

நபிகள் நாயகத்தின் முன்னிலையிலேயே இப்படி ஒன்று நடந்திருக்கிறது. அவரை இகழ்ந்து பாடிய கஅப் இப்னு ஸுஹைர் உயிருக்குப் பயந்து மதீனா வந்து, மன்னிப்புக் கேட்டு ஒரு கவிதை படித்தார். எடுத்த எடுப்பிலேயே அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. 'ஸுஆத் பிரிந்து போனாள், என் நெஞ்சம் நோயுற்றுக் கிடக்கிறது' என்று காதலியில் தொடங்கி, ஓர் ஒட்டகத்தை நீளமாக வருணித்துவிட்டு அப்புறம்தான் விஷயத்துக்கு வருகிறார். நபி முழுவதையும் கேட்டுத் தன் மேலாடையை அவருக்குப் போர்த்தினார் என்பது மரபு. அந்த மேலாடைதான் 'புர்தா'. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் பூஸிரி பாடிய புகழ்மாலைக்கும் அதே பெயர் நிலைத்தது. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இன்றும் ஓதுகிறார்களே, அந்த புர்தா.

பாக்தாத் கவிஞர் அபூ நுவாஸின் மதுக்கவிதைகளும் இப்படித்தான் பிழைத்தன. 'என்னைத் திட்டாதே, திட்டினால் ஆசை கூடும். எது நோயோ அதையே எனக்கு மருந்தாகக் கொடு' என்று பாடியவர். அவரையும் அறிஞர்கள் தொகுத்து, பாடபேதம் பார்த்து வைத்தார்கள்.

என்னை மிகவும் உலுக்கியவர் சிரியாவின் மஅர்ரத்துந் நுஅமான் ஊரைச் சேர்ந்த கவிஞர் அபுல் அலா அல்மஅர்ரி (973–1057). நான்கு வயதளவில் அம்மை நோயில் பார்வை போனது. இறைச்சி, பால், முட்டை, தேன் எதையும் பிற்காலத்தில் தொடவில்லை. எல்லா மதங்களின் போதகர்களையும் கேள்வி கேட்டார். அவர் எழுதிய 'மன்னிப்பின் மடல்' என்ற உரைநடை நூலில், அவருக்குக் கடிதம் எழுதிய இப்னுல் காரிஹ் என்ற புலவர் சொர்க்கத்தில் உலாவுகிறார். அங்கே பழைய கவிஞர்களைச் சந்தித்து, 'உமக்கு எப்படி மன்னிப்புக் கிடைத்தது?' என்று ஒவ்வொருவராகக் கேட்கிறார். மதுவைப் பாடிய அஃஷா சொர்க்கத்தில் இருக்கிறார், ஆனால் அங்கே மது அருந்தக்கூடாது என்ற நிபந்தனையோடு.

அந்த நூலில் நான் திரும்பத் திரும்பப் படிக்கும் இடம் கன்ஸா வரும் இடம். அவர் இஸ்லாத்தை ஏற்ற பெண்கவிஞர்; இறந்துபோன சகோதரன் ஸக்ருக்காகப் பாடிய இரங்கற்பாக்களால் புகழ்பெற்றவர். 'உச்சியில் நெருப்பு எரியும் மலைபோல அவன் வழிகாட்டினான்' என்பது அவருடைய புகழ்பெற்ற வரி. மஅர்ரியின் கதையில் கன்ஸா சொர்க்கத்தின் கடைசி ஓரத்தில், நரகத்தை ஒட்டி நிற்கிறார். சகோதரனைப் பார்க்க ஆசைப்பட்டு எட்டிப் பார்த்தால், அவன் மலைபோல நிற்கிறான், தலையில் நெருப்பு எரிகிறது. 'நீ சொன்னது பலித்துவிட்டது' என்ற பொருளில் பேசுகிறான். புகழ்ந்து சொன்ன உவமை தண்டனையாக மாறி நிற்கும் அந்த இடத்தை ஒரு பார்வையற்ற மனிதர் எழுதியிருக்கிறார்!

இந்த மனிதரின் நூல்களை முஸ்லிம்கள் நூற்றாண்டுக் கணக்கில் பிரதி எடுத்தார்கள், உரை எழுதினார்கள். சிலர் கண்டித்தார்கள், கண்டித்தபடியே படித்தார்கள். 1914இல் எகிப்தியப் பல்கலைக்கழகத்தில், இன்னொரு பார்வையற்றவரான தாஹா ஹுசைன் இவரைப் பற்றித்தான் முனைவர் பட்ட ஆய்வு எழுதினார். 2013இல் மஅர்ரி பிறந்த ஊரில் இருந்த அவருடைய சிலையின் தலையை ஆயுதக் குழுவினர் வெட்டினார்கள். அந்தச் செய்தியை மட்டும் பார்த்துவிட்டு 'இதுதான் இஸ்லாமியப் பண்பாடு' என்று எழுதுகிறவர்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு. ஆயிரம் வருடம் அவரைக் காப்பாற்றியதும் அதே பண்பாடுதான் என்பதை ஏன் விட்டுவிடுகிறீர்கள்? சிலையை உடைத்தவர்கள் தங்களை மரபின் காவலர்களாகச் சொல்லிக்கொள்வதையும் நான் ஏற்கமாட்டேன்.

மன்னிப்பின் மடல் ஆங்கிலத்தில் அரபு மூலத்தோடு கிடைக்கிறது. தமிழில் நேரடியாக அரபியிலிருந்து வர வேண்டும். மதரசாக்களின் தர்ஸே நிஜாமி என்ற பாடத்திட்டத்தில் முஅல்லகாத் கவிதைகள், அதாவது இஸ்லாத்துக்கு முந்தைய புகழ்பெற்ற நெடுங்கவிதைகள், உண்டு. அதை மதரசாவில் வரி வரியாகப் படித்து ஆலிமானவர்கள் (மார்க்க அறிஞர்கள்) நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் கவிதை ருசி உள்ளவர்கள் இம்ரவுல் கைஸையும் கன்ஸாவையும் தமிழுக்குக் கொண்டுவரலாம். அப்படி யாராவது ஏற்கெனவே செய்துகொண்டிருந்தால், பதிப்புச் செலவில் பங்கெடுக்க நான் தயார்.