அந்தக் காலத்து லட்சணம் என்று சொல்கிறவர்களுக்கு

போன ஞாயிறு காரிமங்கலத்தில் ஒரு கல்யாணம். என் மகள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள், தோள்வரை வெட்டிய முடி, முன்கையில் சின்னதாக ஒரு டாட்டூ. பந்தியில் பக்கத்து இலையில் இருந்த பெரியப்பா முறை உள்ளவர் அவளைப் பார்த்துவிட்டு, "அந்தக் காலத்துப் பொம்பளைங்க லட்சணமே தனிம்மா, இப்ப எல்லாம் போச்சு" என்றார். கல்யாண வீடு, வயதில் பெரியவர், நான் ஒன்றும் பேசவில்லை. ஒரு வாரமாக அது மனசுக்குள் கிடந்து அறுக்கிறது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் காலத்துப் பொம்பளை என்றால் எனக்கு என் ஆயாதான், என் பாட்டி. பாலக்கோடு பக்கம் மானாவாரி நிலம், கேழ்வரகும் அவரையும் போடுவோம். ஆயாவின் இரண்டு முன்கையிலும் பச்சை குத்தியிருக்கும், ஒன்றில் கோலம், இன்னொன்றில் தேள். அந்தத் தேளைத் தடவிக்கொண்டேதான் சின்ன வயதில் தூங்குவேன். அதைப் பார்த்து ஊரில் ஒருத்தரும் லட்சணம் கெட்டது என்று சொன்னதில்லை. தோலுக்குள் ஊசியால் மை இறக்குவதுதானே இரண்டும், என் மகள் கையில் இருப்பது மட்டும் எப்படி ஐயா குற்றமாகும்?

ஆயா பின்கொசுவம் வைத்துக் கட்டுவார், அதாவது சேலை மடிப்பு முன்னால் இல்லாமல் பின்பக்கம் வரும். அப்படிக் கட்டினால் குனிந்து களை எடுக்கலாம், குடத்தோடு வரப்பில் நடக்கலாம், சேலை காலைத் தடுக்காது. நாளெல்லாம் வேலை செய்கிற பெண்களுக்குத் தோதான கட்டு அது. ரவிக்கை அவர் கடைசிவரை போட்டதில்லை. இன்று நாம் பாரம்பரியம் என்று சொல்கிற ரவிக்கை, உள்பாவாடை, முன்கொசுவம் எல்லாம் எங்கள் வீட்டுக்கு அம்மா காலத்தில்தான் வந்தன.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், அந்த அழகின் மேல் எனக்கும் தீராத ஏக்கம் உண்டு. சந்தைக்குப் போகிற நாளில் ஆயா விளக்கெண்ணெய் தடவித் தலையை வழித்துச் சீவி, கொண்டை போட்டு, அதில் கொஞ்சம் கனகாம்பரம் செருகி, கஞ்சி போட்டுக் காயவைத்த நூல் சேலை மொடமொடக்க நிமிர்ந்து நடந்து போவார் பாருங்கள், அந்த நடையை இத்தனை வருஷத்தில் நான் வேறு யாரிடமும் பார்க்கவில்லை. கணவர் பார்க்கவா, ஊர் மெச்சவா? தாத்தா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் தனக்காகத்தான் அலங்கரித்துக்கொண்டார்.

அந்தக் காலமே பொற்காலம் என்று நம் தர்மபுரி மாவட்டத்தில் இருந்துகொண்டு சொல்ல மட்டும் எனக்கு வாய் வராது. பிறந்த பெண் குழந்தையை உயிரோடு விடச் சொல்லி அரசு தொட்டில் வைக்கவேண்டி வந்த மண் இது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தர்மபுரிக்கும் வந்தது. லட்சணமான பெண்களைப் பற்றிப் பெருமூச்சு விடுகிறவர்கள், பெண்ணாக வளரவே விடப்படாத அந்தக் குழந்தைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பக்கமும் எனக்கு இடி இருக்கிறது. இருபது வருஷமாக ஓசூரில் ஒரு ஆலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். அங்கே சில பேர், "இவ்வளவு பெரிய பொறுப்புல இருக்கீங்க, இன்னும் பூ, மை, காட்டன் சேலைன்னு இருக்கீங்களே மேடம்" என்கிறார்கள். பூ வைத்தால் அறிவு குறைந்துவிடுமா? உள்ளே லைனில் நிற்கும்போது தொப்பி, கோட், வளையல் கூடாது, பூ கூடாது, சரி, அது வேலைக்கான விதி, நானே அதைக் கறாராகப் பார்ப்பவள். ஷிஃப்ட் முடிந்ததும் எங்கள் லைனில் வேலை செய்யும் பெண் பிள்ளைகள் காலி டிபன் டப்பாவைத் திறந்து அதில் பத்திரமாக வைத்திருந்த ஒரு முழம் குண்டுமல்லியை எடுத்து ஆளுக்குக் கொஞ்சமாகக் கிள்ளி வைத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறுவார்கள். எட்டு மணி நேரம் நின்ற கால். அந்த நேரத்து முகங்களை வந்து பார்க்கவேண்டும்.

தகடூர் என்று பழைய பெயர் கொண்ட நம் தர்மபுரிக்காரர்களுக்கு ஔவையை நான் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் சிலையிலும் படத்திலும் அவரை நரைத்த கிழவியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். ஆத்திசூடி பாடியவர் பிற்காலத்து ஔவை, அதியமானோடு இருந்த சங்ககால ஔவை வேறு. புறநானூற்றின் 89ஆம் பாட்டைப் படியுங்கள். நகை அணிந்த, மை தீட்டிய கண்ணும் ஒளிவிடும் நெற்றியும் உள்ள விறலியே (ஆடிப் பாடும் பெண்ணே), உங்கள் நாட்டில் போரிட ஆள் உண்டா என்று பகையரசன் கேட்கிறான். அடிக்கிற கோலுக்கு அஞ்சாத பாம்பு மாதிரி வீரர்கள் இருக்கிறார்கள், காற்று மோதித் தண்ணுமை என்ற முரசு ஒலித்தால்கூடப் போர் வந்துவிட்டது என்று எழும் என் தலைவனும் இருக்கிறான் என்று பதில் வருகிறது. அந்த மையும் அந்தப் பதிலும் ஒருத்தியிடமே இருந்தன. இதைப் படித்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

என் அம்மாவிடமும் அதைப் பார்த்திருக்கிறேன். 1989இல் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தமிழ்நாட்டில் முதலில் நம் தர்மபுரியில்தான் தொடங்கின. கொஞ்ச வருஷத்தில் அம்மாவும் ஒரு குழுவில் சேர்ந்தார். வங்கிக்குப் போகிற அன்று பெட்டியில் இருந்த நல்ல சேலையை எடுத்துக் கட்டி, பூ வைத்து, குங்குமத்தைத் திருத்தமாக இட்டுக்கொண்டு, மேலாளர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கடன் கேட்டார். கையெழுத்துப் போடும்போது கை நடுங்கியதாம். நாற்காலி நுனியில் உட்காரவில்லை என்பதை மட்டும் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். கல்யாணத்திலிருந்து வந்த அன்று ராத்திரி மகள் ஆயாவின் பழைய சேலையை எடுத்து வைத்துக்கொண்டு, பின்கொசுவம் எப்படிம்மா கட்டுவது என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, அம்மாவுக்கும் பாதிதான் நினைவிருக்கிறது. பாலக்கோடு, மாரண்டஅள்ளி, பென்னாகரம் பக்கம் உங்கள் வீட்டு ஆயா யாருக்காவது கட்டத் தெரிந்தால் சொல்லுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஸ்கூட்டரில் வந்துவிடுகிறோம்.