இயற்கைதானே அப்பத்தா!

(கானாடுகாத்தான், வீட்டுப் பின்கட்டு, அவரைப் பந்தல். பேரன் பெங்களூரிலிருந்து பொங்கலுக்கு நான்கு நாள் வந்திருக்கிறான். நான்கு நாள் வருகிறவர்களிடம்தான் நாற்பது யோசனை இருக்கும்.)

அப்பத்தா: பந்தலுக்கு என்னடா ஆச்சு? இலையெல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி கிடக்கிறது!

பேரன்: அசுவினிப் பூச்சி அப்பத்தா, செடியின் சாற்றை உறிஞ்சுமே, அதுதான். கொழுந்து முழுக்கக் கறுப்பாக அப்பியிருந்தது. வேப்பெண்ணெய் தெளித்தேன்.

அப்பத்தா: எவ்வளவு?

பேரன்: லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி என்றார்கள். நான் 100 ஊற்றினேன். இயற்கைதானே!

அப்பத்தா: தொட்டால் அரிக்கிற காஞ்சொறிச் செடியும் இயற்கைதான். பறித்துத் தருகிறேன், முதுகு தேய்த்துக் குளி. சரி, சோப்பு கலந்தாயா?

பேரன்: சோப்பா? அது கெமிக்கல்!

அப்பத்தா: காதி சோப்பைக் கொஞ்சம் கரைத்தால்தானேடா எண்ணெய் தண்ணீரோடு சேரும்? நீ அடித்தது முதல் செடிக்கு வெறும் தண்ணீர், கடைசிச் செடிக்கு வெறும் எண்ணெய். எத்தனை மணிக்கு அடித்தாய்?

பேரன்: பன்னிரண்டரைக்கு. நல்ல வெயில்.

அப்பத்தா: அப்படிச் சொல். அவரைக்காய் வறுவல் கேள்விப்பட்டிருக்கிறேன், அவரை இலை வறுவல் இப்போதுதான் பார்க்கிறேன். சாயங்காலம் அடிக்கிற மருந்துடா அது. வெயிலில் வேம்பின் வீரியமும் போகும், இலையும் கருகும்.

பேரன்: அசுவினி மட்டும் அப்படியே இருக்கிறதே?

அப்பத்தா: வேம்பு அடித்துக் கொல்லாது, சோற்றில் மண்ணைப் போடும். தின்னப் பிடிக்காமல், வளர முடியாமல் மெல்லப் போகும். வாரம் ஒருமுறை தெளிக்க வேண்டும். நீதான் நாளைக்கு ரயில் ஏறிவிடுவாயே. அந்தக் குப்பி எங்கே வாங்கியது?

பேரன்: ஆன்லைனில்.

அப்பத்தா: வாசலில் நிற்பது என்ன மரம்?

பேரன்: வேப்பமரம்.

அப்பத்தா: ஆடியில் கூடை கூடையாகப் பழம் உதிர்ந்தது. கூட்டித் தள்ளச் சொன்னது உன் அப்பன். 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து, ராத்திரி ஊறவைத்து வடிகட்டினால் 100 லிட்டருக்கு வரும். மரத்தடியில் கிடந்தால் குப்பை, குப்பியில் அடைத்தால் ஆர்கானிக்!

பேரன்: ஆனால் ஒரு நல்ல காரியம் செய்தேன். பெரிய பூச்சிகளை மருந்தே இல்லாமல் கையால் பொறுக்கிவிட்டேன்.

அப்பத்தா: பெரிய பூச்சியா? எப்படி இருந்தது?

பேரன்: கறுப்பாக, குட்டி முதலை மாதிரி. முதுகில் ஆரஞ்சுப் புள்ளி. அசுவினிக் கூட்டத்துக்கு நடுவிலேயே இருந்தது. தலைவன் போலிருக்கிறது.

அப்பத்தா: அட பாவி! பொறிவண்டுப் புழுடா அது! அசுவினியைத் தின்னத்தானே அங்கே இருந்தது! எத்தனை எடுத்தாய்?

பேரன்: ஒரு டம்ளர்.

அப்பத்தா: பந்தியில் உட்கார்ந்தவர்களைக் கிளப்பிவிட்டுப் பலகாரத்துக்குக் காவல் நின்றிருக்கிறாய்.

பேரன்: மீதி வேப்பெண்ணெயை என்ன செய்வது?

அப்பத்தா: உன் தலையில் தேய்த்துக்கொள்.

பேரன்: ஐயோ, நாறுமே!

அப்பத்தா: இயற்கைதானேடா!