கணினியில் தேதி பின்னால் போனால் மதர்போர்டு போச்சா?

ஒருவர், "கணினியை ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பழைய வருஷத்துக்குப் போனால் மதர்போர்டு அவுட், மாற்றிவிடுங்கள்" என்கிறார். அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் காரணம், மதர்போர்டில் (கணினியின் முக்கிய சர்க்யூட் பலகையில்) இருக்கும் காசு போன்ற பேட்டரி தீர்ந்துபோனதுதான்: சிஆர்2032, 3 வோல்ட். கரண்ட் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓடவைப்பது அதன் வேலை. அது தீர்ந்தாலும் பொதுவாக கணினி ஆன் ஆகும். சிலவற்றில் எஃப்1 அழுத்தச் சொல்லி நிற்கும். தேதி தப்பு என்பதால் பிரவுசரும் 'பாதுகாப்பற்ற தளம்' என்று மிரட்டும். அதை வைரஸ் என்று நினைத்து ஃபார்மேட் செய்தவர்களும் உண்டு, பாவம்.

பவர் கேபிளைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் ஓரத்தில் உள்ள சின்ன கொக்கியை நகத்தால் தள்ளினால் அது துள்ளி எழும். புதியதை எழுத்துள்ள பக்கம் மேலே வரும்படி வையுங்கள். அப்புறம் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் திரையில்) தேதியைச் சரிசெய்யுங்கள். பேட்டரி வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.