மகோகனிக்காகக் காத்திருந்த இரண்டு வருடம்

போன கிழமை என் தங்கச்சியின் மகன் உப்புவெளி வீட்டுக்கு வந்தான். தேத்தண்ணீர் வாங்கி வைத்துவிட்டு, குடிக்காமலே கேட்டான்: "மாமா, மகோகனி எடுக்கிறதோ, பாஸ்வூட் எடுக்கிறதோ?"

எலெக்ட்ரிக் கிற்றாரின் உடல் எந்த மரத்தில் இருக்க வேண்டும் என்ற கேள்வி. சாதாரண தரப் பரீட்சை எழுதிய நாளில் இருந்து காசு சேர்க்கிறான். இரண்டு வருடம் ஆகிவிட்டது. இவ்வளவு நாளும் அவன் கைக்குக் கிடைத்தது தேவாலயப் பாடகர் குழுவின் பழைய அக்கூஸ்டிக் கிற்றார் ஒன்றுதான், அதுவும் ஞாயிற்றுக்கிழமையில் மட்டும். போன வருடமே பாஸ்வூட் உடலோடு ஒரு நல்ல கிற்றார் அவன் காசுக்குள் வந்திருக்கிறது. கொழும்பில் ஒரு கடைக்காரர், "பாஸ்வூட்டில் சத்தம் சப்பென்று இருக்கும் தம்பி, இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு மகோகனிக்கு வாரும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இவனும் நம்பி வெறுங்கையோடு பஸ் ஏறி வந்துவிட்டான்.

கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. பதினாறு, பதினேழு வயதில்தான் விரல் பழகும். அந்த வயதில் போன இரண்டு வருடத்தை எந்த மரமும் திருப்பித் தராது. இருபது வருடத்துக்கு மேலாகத் திருகோணமலையில் கோவில் திருவிழா மேடையிலும் கலியாண வீட்டிலும் கிற்றார் வாசிக்கிறேன். வீட்டில் வைத்து மற்றவர்களின் கிற்றார்களைச் சரிசெய்தும் கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில் இருந்து இதை எழுதுகிறேன்.

மரத்தில்தான் நாதம் இருக்கிறது என்ற நம்பிக்கை நமக்குப் புதிதல்ல. வீணைக்குப் பலா, மிருதங்கத்துக்குப் பலா, நாதஸ்வரத்துக்கு ஆச்சா என்று பார்த்துப் பார்த்துச் செய்கிற பரம்பரை நம்முடையது. அந்த நம்பிக்கை சரியானது. வீணையின் குடம் அதிர்ந்துதான் காற்றை அசைக்கிறது, நம் காதுக்கு வருவது அந்த அசைவுதான். அக்கூஸ்டிக் கிற்றாரின் மேற்பலகையும் அப்படியே. அங்கே மரத்துக்காக எவ்வளவு சண்டை பிடித்தாலும் தகும்.

எலெக்ட்ரிக் கிற்றாரின் வேலை வேறு. கம்பிகளுக்கு அடியில் பிக்கப் இருக்கிறது. காந்தத்தைச் சுற்றி, தலைமயிர் போல மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றியிருப்பார்கள். உருக்குக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறி அந்தச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அம்ப் என்கிற ஒலிபெருக்கி பெருக்குவது அந்த மின்சாரத்தைத்தான். அதே கிற்றாரில் நைலோன் கம்பி பூட்டிப் பாருங்கள், பிக்கப்புக்கு ஒன்றும் கேட்காது. உடல் விலை உயர்ந்த மகோகனியாக இருந்தாலும் கேட்காது.

மரம் ஒன்றுமே செய்யாது என்று நான் சொல்லவில்லை. கம்பியின் இரண்டு முனைகளும் எங்கே கட்டப்பட்டிருக்கின்றனவோ அங்கே அதன் சக்தி கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். ஒரு குறிப்பிட்ட ஃப்ரெட்டில், அதாவது விரல் வைக்கிற உலோகக் கட்டையில், மட்டும் சுரம் சட்டென்று செத்துப்போகிற கிற்றார்கள் உண்டு. அங்கே பெரும்பாலும் கிற்றாரின் கழுத்தான நெக்தான் கம்பியோடு சேர்ந்து அசைந்து சக்தியைக் குடிக்கிறது. கனமான உடலை விட மெல்லிய நெக்தான் அதிகம் அசையும். ஆனால் "மகோகனி என்றால் சூடான சத்தம், அல்டர் என்றால் சமமான சத்தம், மேப்பிள் என்றால் கூரான சத்தம்" என்று மிளகாய்த்தூள் விற்பது மாதிரிப் பிரித்துச் சொல்கிறார்களே, அந்தப் பட்டியலை நான் நம்புவதில்லை.

அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் யோசித்தால் விளங்கும். ஃபென்டர் கிற்றார் கம்பனியைத் தொடங்கிய லியோ ஃபென்டர் கலிபோர்னியாவில் ரேடியோ திருத்திக்கொண்டிருந்தவர். அவருக்குக் கிற்றார் வாசிக்கவே தெரியாது. 1950களின் தொடக்கத்தில் அவருடைய கிற்றார்கள் பெரும்பாலும் ஆஷ் மரத்தில் வந்தன. 1954இல் வந்த அவருடைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிற்றாரும் ஆஷ்தான். 1956 அளவில் பெரும்பாலானவற்றுக்கு அல்டருக்கு மாறினார்கள். ஆஷ் மரத்தின் துளைகளை நிரப்பித்தான் வர்ணம் பூச வேண்டும், அல்டருக்கு அந்த வேலை குறைவு. ரேகை தெரிகிற வெளிர் நிறத்துக்கு மட்டும் ஆஷ் தொடர்ந்தது. கிடைக்கிறதா, செய்ய இலகுவா, வர்ணம் ஒட்டுமா என்ற பட்டறைக் கணக்கு அது. கிப்சன் கம்பனி 1952இல் கொண்டுவந்த லெஸ் போல் கிற்றாரில் மகோகனியின் மேல் மேப்பிள். அந்தப் பெயருக்குரிய லெஸ் போல் என்ற கலைஞர் 1940 அளவில் தானே செய்து பார்த்த கிற்றாரின் நடுவில் இருந்ததோ ஒரு பைன் கட்டை.

இப்போது நாம் "மகோகனிச் சத்தம்" என்று சொல்வது கிப்சனின் சத்தத்தை, "அல்டர் சத்தம்" என்பது ஃபென்டரின் சத்தத்தை. இரண்டுக்கும் நடுவில் மரம் மட்டுமா வேறு? கம்பியின் நீளம் ஃபென்டரில் 25.5 அங்குலம், கிப்சனில் 24.75. ஒன்றில் ஒற்றைச் சுருள் பிக்கப், மற்றதில் 1950களின் நடுவில் சேத் லவர் உருவாக்கிய இரட்டைச் சுருள் ஹம்பக்கர். சத்தக் குமிழுக்கு அடியில் இருக்கிற மாறும் மின்தடை, பொட் என்பார்கள், ஒன்றில் 250 கிலோ ஓம், மற்றதில் 500. ஒன்றில் நெக்கைத் திருகாணியால் பூட்டியிருக்கிறது, மற்றதில் ஒட்டியிருக்கிறது. உடலில் கம்பி வந்து அமர்கிற பிரிட்ஜும் வேறு. இவ்வளவும் மாறியிருக்க, முழுப் புகழையும் மரத்துக்குக் கொடுப்பது நியாயமா?

சில வருடங்களுக்கு முன் எனக்கு இதைச் சோதிக்க ஒரு வாய்ப்பு வந்தது. எங்கள் குழுவில் ஒரு தம்பியின் பாஸ்வூட் கிற்றாரில் நெக் பூட்டும் திருகாணித் துளைகள் தேய்ந்துபோயின. அதே நேரம் கனடாவில் இருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் வெறும் அல்டர் உடல் ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். துளைகளை அடைத்துச் சரிசெய்து, புதுக் கம்பி போட்டு, ஒரே அம்ப், ஒரே குமிழ் நிலை, பிக்கப்புக்கும் கம்பிக்கும் உள்ள தூரத்தையும் அளந்து வைத்துப் பதிவு செய்தோம். பிறகு நெக், பிக்கப், பிரிட்ஜ், வயர் எல்லாவற்றையும் அல்டருக்கு மாற்றினோம். அதே கம்பனியின் அதே தடிப்பில் புதுக் கம்பி. அதே வாசிப்பு.

இரண்டையும் கலந்து போட்டு நாலு பேருக்குக் கேட்கக் கொடுத்தேன். நானும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஒருவராலும் நம்பிச் சொல்ல முடியவில்லை. "இது அல்டர்தான்" என்று நான் உறுதியாகச் சொன்ன இடங்களில் பாதிக்கு மேல் பிழை. பிறகு வொலியூம் பொட்டை மட்டும் 250இல் இருந்து 500க்கு மாற்றினேன். குசினிக்குள் நின்ற மனைவி, "என்ன, இப்ப கீச்சென்று கேட்குது?" என்றாள். சில நூறு ரூபாய்ச் சாமான் அது. எங்கள் ஒரு வீட்டில் நடந்தது உலகத்துக்கே தீர்ப்பு ஆகாது, சரி. ஆனால் என் பணத்தை எங்கே போடுவது என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்துவிட்டது.

அதோடு, மரத்தின் பெயரே பல இடங்களில் உண்மையைச் சொல்வதில்லை. பெயர்ப்பலகையில் மகோகனி என்று இருக்கும். உள்ளே நாட்டோவாக இருக்கலாம், ஆப்பிரிக்காவின் காயாவாக இருக்கலாம், மெரான்டியாகக்கூட இருக்கலாம். தாவரவியலில் இவற்றில் சில மகோகனிக்கு உறவே கிடையாது. கெட்ட மரங்களும் அல்ல. மலிவு என்று நாம் ஒதுக்குகிற பாஸ்வூட்டில்தான் புகழ்பெற்ற கிற்றார் கலைஞர் ஜோ சற்றியானி பெயரில் ஐபனீஸ் கம்பனி செய்த பல கிற்றார்கள் வந்தன. அவருடைய சத்தத்தைச் சப்பென்று யாராவது சொல்வார்களா?

சரி, மரத்தைப் பார்க்கவே வேண்டாமா? பார்க்க வேண்டும். அதுவும் நம்முடைய ஊரில் கட்டாயம் பார்க்க வேண்டும், ஆனால் வேறு காரணங்களுக்காக.

முதலில் எடை. லெஸ் போல் வகை 4 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். ஸ்ட்ராட்டோகாஸ்டர் பெரும்பாலும் மூன்றரைக் கிலோ அளவில் நிற்கும். அரைக் கிலோதானே என்று கடையில் தோன்றும். கோவில் வீதியில் மேடை போட்டு இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நின்று வாசித்த தோள்களிடம் கேட்டுப் பாருங்கள். மரத்தின் பெயரை வைத்து எடையை ஊகிக்கவும் முடியாது. ஒரே இனத்தில் ஒரு துண்டு லேசாக இருக்கும், அடுத்தது கல் மாதிரி இருக்கும். கையில் எடுத்துத் தோளில் மாட்டிப் பத்து நிமிடம் நின்று பாருங்கள்.

இரண்டாவது, பாஸ்வூட் மெதுமையான மரம். இலகுவாகப் பள்ளம் விழும், அடிக்கடி கழற்றிப் பூட்டினால் திருகாணி பிடிக்காது. அது உண்மையான குறை, சத்தத்தோடு சம்பந்தமில்லாத குறை. கவனமாக வைத்திருப்பவனுக்கு அது பெரிய விடயமில்லை.

மூன்றாவதாக நெக். இதற்குத்தான் இந்த ஊரில் உயிர் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை தொடங்கி மழை இறங்கினால் அலுமாரிக் கதவே இறுகிப்போகும். வைகாசி தாண்டிக் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் அதே கதவு கடகடவென்று ஆடும். உங்கள் நெக்கும் அந்தக் கதவு மாதிரி மரம்தான். ஈரத்தில் உப்பி, வெக்கையில் சுருங்கும். மாரியில் சரியாக வைத்த கம்பி உயரம் ஆடியில் சரியாக இருக்காது. கச்சான் காலத்தில் நெக்கின் மேல் விரல் ஓடுகிற பலகையான ஃபிங்கர்போர்ட் சுருங்கி, ஃப்ரெட் முனைகள் வெளியே நீட்டி உள்ளங்கையைக் கீறும். என்னிடம் திருத்த வருகிற கிற்றார்களில் முக்கால்வாசி இதற்காகத்தான் வருகின்றன. பாவம், "மரம் சரியில்லை, சத்தம் போய்விட்டது" என்று கொண்டுவருவார்கள். நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் ஓடுகிற டிரஸ் ரொட் என்ற உலோகக் கம்பியைக் கால் சுற்றுத் திருப்பி, ஏழாவது ஃப்ரெட் பக்கம் 0.25 மில்லிமீற்றர் இடைவெளி வைத்து, ஃப்ரெட் முனையை அரம் போட்டுக் கொடுத்தால் அதே கிற்றார் பாடும்.

அதனால் வாங்கும்போது டிரஸ் ரொட் உண்மையில் வேலை செய்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். கடைக்காரர் விடமாட்டேன் என்றால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள். உடலை மகோகனியாக்கக் கூடுதலாகக் கொடுக்கிற காசு இருந்தால், வறுத்த மேப்பிள் நெக் உள்ளதைத் தேடுங்கள். காற்று குறைந்த சூளையில் சூடாக்கிய மரம் அது, ஈரத்தைக் குறைவாகவே குடிக்கும். கடலுக்கு இவ்வளவு கிட்ட இருக்கும் நமக்கு அதுதான் பிரயோசனம். உப்புக்காற்று கம்பியையும் பிரிட்ஜின் சின்னத் திருகாணிகளையும் தின்னும், வாசித்து முடிந்ததும் துடைத்துப் பெட்டிக்குள் வைக்கப் பழகுங்கள்.

ஃபிங்கர்போர்ட் மரத்துக்கும் இதே கதை. 2017இல் ரோஸ்வூட் இனம் முழுவதையும் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தபோது கம்பனிகள் பாவ் ஃபெரோ, லோரல் என்று வேறு மரங்களுக்கு மாறின. 2019இல் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்குக் கிடைத்தது. அந்த இடைக்காலக் கிற்றார்களை இன்றைக்கும் குறைவாக மதிக்கிறார்கள். விரலுக்கு நன்றாக இருந்தால் எடுங்கள்.

இதில் ஒன்றை மட்டும் கோபத்தோடு சொல்கிறேன். "நம்முடைய காட்டில்தானே கருங்காலி இருக்கிறது, ஒரு துண்டு எடுத்துத் தாருங்கள், ஃபிங்கர்போர்ட் செய்யலாம்" என்று இரண்டு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். கருங்காலி சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட மரம். மெதுவாக வளர்வது. நம் காலத்தில் வெட்டினால் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் திரும்ப வராது. கருங்காலிதான் வேண்டுமென்றால் உடைந்த பழைய கதிரைக் காலையோ கட்டில் சட்டத்தையோ தேடி ஓடாவியிடம் கொடுங்கள். குவீன் குழுவின் கிற்றார் கலைஞர் பிரையன் மே தன் தகப்பனோடு சேர்ந்து 1963இல் செய்யத் தொடங்கிய கிற்றாருக்குப் வீட்டுக்குள் குளிர்காயும் பழைய கணப்படுப்பு ஒன்றின் மேற்சட்டத்தின் மகோகனியில்தான் நெக் செய்தார். உடலுக்குப் பழைய மேசையின் ஓக் மரத்தையும் எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு அவர் மேடையில் பெரும்பாலும் வாசித்தது அதைத்தான்.

மருமகனிடம் இவ்வளவையும் சொல்லி முடிக்கத் தேத்தண்ணீர் ஆறிவிட்டது. போன வருடம் அவன் விட்டுவிட்டு வந்த கிற்றார் விற்றுப்போய்விட்டது. அன்றைக்கே இரண்டு பேருமாகத் தேடி, உவர்மலையில் ஒருவர் வெளிநாடு போகும் அவசரத்தில் விற்கவிருந்த கிற்றார் ஒன்றைப் போய்ப் பார்த்தோம். பாஸ்வூட். டிரஸ் ரொட் இரண்டு பக்கமும் திரும்புகிறது, நெக் நேராக இருக்கிறது, ஃப்ரெட் தேய்வு குறைவு. அயல்வீட்டு மீன் வியாபாரி அண்ணையின் தொங்கு தராசில் பையோடு தூக்கிப் பையைக் கழித்துப் பார்த்தேன், 3 கிலோ 200. மகோகனிக்கென்று சேர்த்த காசில் பாதிக்கு மேல் மிச்சம். அதில் ஒரு சின்ன அம்ப் எடுக்கிறோம். நல்ல பிக்கப் ஒன்றுக்கு மார்கழிக்குள் மிச்சத்தைச் சேர்ப்பான். நேற்று இரவு பதினொரு மணிக்குத் தங்கச்சி கோல் எடுத்து, "அண்ணா, இவன் இன்னும் படுக்கவில்லை, விரல் எல்லாம் சிவந்துபோச்சு" என்றாள்.